பூட்டிய சைக்கிள்

பெட்ரோலுக்காக நாடே தெருவில் நின்ற 2022ஆம் ஆண்டு அது. கண்டி மஹய்யாவவில் குடியிருந்த வீரய்யாவின் ஓட்டோவும் பெட்ரோல் செட்டுக்கு முன்னால் கியூவில் நின்றது. அவன் அங்கே காத்துக் கிடந்த நாட்களில், அவன் மனைவி புஷ்பம் நாற்பது வயதில் சைக்கிள் பழகினாள்.

ஆசைக்குப் பழகவில்லை. வத்தேகமவுக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து லய வீட்டில் அவளுடைய அம்மா பேச்சியம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தாள். பஸ் எப்போது ஓடும் என்று யாருக்கும் தெரியாது. பழைய சைக்கிள் ஒன்றைத் துடைத்து எடுத்தவள், முதல் நாளே வாசலில் விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டாள். பிறகு கண்டி மார்க்கெட்டுக்குப் போய்வந்தாள். அப்புறம் கட்டுகஸ்தோட்டைப் பாலம் வரை. மேட்டில் இறங்கித் தள்ளினாள். இறக்கத்தில் சாமியைக் கூப்பிட்டாள். போன ஞாயிறு மடவளை வரை எட்டிவிட்டாள். அதற்கப்பால் வத்தேகமதான்.

"அடுத்த ஞாயிறு சைக்கிள்லயே வந்துர்றேம்மா," என்று போனில் சொன்னபோது அம்மா சிரித்தாள்.

"விழுந்து கிழுந்து வைக்காதடி. மெதுவா வா. நான் எங்க போகப்போறேன்."

கியூவில் சும்மா நிற்கிற ஆண்களுக்கு வாய் சும்மா இருக்குமா? "என்ன வீரய்யா, ஓட்டோக்காரன் பொண்டாட்டி சைக்கிள்ல பறக்குறா. நீயும் பின்னால ஏறிக்கோயேன்," என்றான் கறுப்பையா. எல்லோரும் சிரித்தார்கள். வீரய்யாவும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீட்டுக்கு வந்து சைக்கிளை ஜன்னல் கம்பியோடு சங்கிலியால் பிணைத்துப் பூட்டினான்.

"ஊரே சிரிக்குது. பெட்ரோல் அடிச்சதும் நானே கூட்டிட்டுப் போறேன்," என்று சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டான். நல்ல மனிதன்தான்; மாமியார்மேல் பாசமும் உண்டு. அந்தச் சிரிப்பைத்தான் அவனால் தாங்க முடியவில்லை.

சனிக்கிழமை காலை புஷ்பத்தின் தம்பி இராமையா போன் பண்ணினான். "அக்கா, அம்மாவுக்குப் பேச்சு நின்னுபோச்சு. நாங்க எல்லாம் பால் ஊத்தியாச்சு. உன் பேரைச் சொன்னா மட்டும் கண்ணத் தொறக்குது. உன் கைப்பாலுக்குத்தான் இழுத்துக்கிட்டுக் கெடக்கு. ஓடியாக்கா."

உயிர் பிரியுமுன் பிள்ளைகள் வாயில் பால் ஊற்றி அனுப்புவது வழக்கம். புஷ்பம் சின்னப் போத்தல் ஒன்றில் பாலை எடுத்துக்கொண்டு செட்டுக்கு ஓடினாள்.

"ஏங்க, சாவியக் குடுங்க. அம்மா போகப்போகுது."

கியூவே திரும்பிப் பார்த்தது. வீரய்யாவின் கை சட்டைப் பைக்குப் போய், அங்கேயே நின்றது.

"பெட்ரோல் பவுசர் வந்துக்கிட்டிருக்காம். இந்தா, ஒரு மணி நேரத்துல ஓட்டோவுலயே போயிரலாம். உக்காரு."

அன்று பஸ் ஓடவில்லை; நடந்தால் அரை நாள் ஆகும். அவன் சொல்லை நம்பி உட்கார்ந்தாள் பாவி.

பவுசர் மத்தியானம் கழித்துத்தான் வந்தது. தோட்டத்து ரோட்டில் ஓட்டோ திரும்பும்போதே தப்பு மேளச் சத்தம் கேட்டது. திருவிழா அடியில்லை, சாவு அடி. தோட்டத்தில் பிறந்தவளுக்கு அதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போத்தலை மடியோடு இறுக்கிக்கொண்டு அவள் கதறினாள். உள்ளே பால் திரிந்துபோயிருந்தது.

கருமாதியன்று காலை வீரய்யாவே பூட்டைத் திறந்தான். ஓட்டோவில் மறுபடியும் பெட்ரோல் இல்லை. புஷ்பம் சைக்கிளை எடுத்தாள். தான் பஸ்ஸுக்குக் காத்திருந்து வருவதாகச் சொல்லி, பஸ் பிடிக்கும் இடம்வரை அவன் அவள் பின்னால் நடந்தான். பெட்ரோல் செட்டுக்கு முன்னாலிருந்த மேட்டில் அவள் இறங்கித் தள்ளியபோது, கறுப்பையா வழக்கம்போல ஆரம்பித்தான்.

"என்ன வீரய்யா, பொண்டாட்டிய முன்னால விட்டுட்டுப் பின்னால நடக்குற?"

வீரய்யா நின்றான். "சிரிங்கண்ணே. நீங்க சிரிப்பீங்கன்னுதான் அன்னைக்குச் சாவிய பையில வச்சுக்கிட்டே குடுக்கல. பெத்த தாய்க்கு ஒரு சொட்டுப் பால் ஊத்த விடாமப் பண்ணிட்டேன். பொம்பள சைக்கிள் ஓட்டுனா மானம் போகாதுண்ணே. நாலு பேரு சிரிப்புக்குப் பயந்து அவ வழிய அடைச்சேனே, அதுலதான் போச்சு."

கியூவில் ஒருவரும் சிரிக்கவில்லை. புஷ்பத்துக்கும் அது கேட்டது. ஆனால் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. மேடு முடிந்ததும் சைக்கிளில் ஏறி, மெதுவா வா என்று சொல்ல ஆளில்லாத வத்தேகமவுக்கு மிதிக்கத் தொடங்கினாள்.