மூன்றாவது பூ

நான் இரட்டைப்படையில் பூ விற்கமாட்டேன். வெர்னிசாஜ் சந்தையில் என் மேசைக்கு வந்து எவ்வளவு கெஞ்சினாலும் கிடைக்காது. ஊசியும் பருத்தி நூலும் வைத்து நானே பின்னி, கம்பிக் காம்பில் கட்டிய பூக்கள் அவை. ஒன்று பின்ன அரைநாள் பிடிக்கும். இருந்தாலும் யாராவது நான்கு எடுத்தால் ஐந்தாவதைச் சும்மாவே திணித்து அனுப்புவேன். உயிரோடிருப்பவர்களுக்கு ஒற்றைப்படை, செத்தவர்களுக்கு இரட்டைப்படை. எங்கள் எரெவான் நகரில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். வெளிநாட்டுக்காரர்களுக்குத்தான் தெரியாது.

அன்று மார்ச் மாதச் சனிக்கிழமை. காலையிலேயே ஒரு பிரெஞ்சுத் தம்பதி வந்தார்கள். ஊருக்குக் கொண்டுபோக இரண்டு பூ எடுத்தார்கள். நான் மூன்றாவதைப் பைக்குள் செருகினேன். அந்த ஆள் வேண்டாமென்று எடுத்து வைத்தான். நான் மறுபடி செருகினேன். இப்படியே நான்கு தடவை நடந்தது. பக்கத்து மேசை ஹ்ராச், வாதுமை மரத்தில் சொக்கட்டான் பலகை செதுக்குகிறவர், வயிறு குலுங்கச் சிரித்தார்.

“ஏம்மா ஷோகேர், நீ கடை வச்சிருக்கியா, கோயில் வச்சிருக்கியா? அந்த மனுஷன் போலீசைக் கூப்பிடப் போறான்.”

“உன் உளியப் பாத்துப் புடி, விரல் போயிடும். எழவுக்குக் குடுக்கற மாதிரி குடுத்தனுப்பச் சொல்றியா?”

“அவங்க ஊர்ல அதெல்லாம் கிடையாதும்மா.”

“என் மேசையில உண்டு!”

தம்பதி மூன்றோடு போனார்கள். கல் வைத்தும் பறக்கும் மேசைத்துணியைச் சரிசெய்துவிட்டு நான் நிமிர்ந்தால், எதிரே நுவார்த் நிற்கிறாள்.

நுவார்த் ரொட்டிக்கடையில் லவாஷ் தட்டுகிறவள். அவளுடைய ஒரே மகன் ஜிரைர், ஐந்து வருஷத்துக்கு முன் எல்லையில் நடந்த இலையுதிர்கால யுத்தத்தில் காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை, கைதிகள் பட்டியலிலும் பெயர் இல்லை. ஒவ்வொரு நவம்பரும் அவன் பிறந்தநாளுக்கு என்னிடம் வந்து மூன்று பூ வாங்கி, அவன் மேசையில் வைப்பாள். “வந்துருவான், பாத்துக்கிட்டே இரு” என்று நான் சண்டைக்குப் போவதுபோல் சத்தமாகச் சொல்லி அனுப்புவேன். ஒருமுறை அவள் போன பிறகு ஹ்ராச் “பாவம்” என்று பெருமூச்சு விட்டார். அவரை உண்டு இல்லை என்று பண்ணிவிட்டேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை.

என் மகன் செவாக்கும் அதே யுத்தத்துக்குப் போனான். கால் கொஞ்சம் இழுக்கும், ஆனால் வந்துவிட்டான். இதை நுவார்த்திடம் நான் சொன்னதே இல்லை. எந்த வாயால் சொல்வேன்? மதியச் சாப்பாட்டை அவன்தான் கொண்டுவருவான். நுவார்த் வரும் நாளில் மட்டும், தூணுக்குப் பின்னால் நின்று கூப்பிடு, முன்னால் வராதே என்பேன். அவனும் ஒன்றும் கேட்கமாட்டான். பெற்ற பிள்ளை உயிரோடு இருப்பதற்கு வெட்கப்பட்டவள் நான்.

“என்ன நுவார்த், நவம்பருக்கு இன்னும் எவ்வளவோ இருக்கே?”

“பூ வேணும் அக்கா. ரெண்டு.”

“ரெண்டா? தூக்கமில்லாம அடுப்புக்கிட்டயே நின்னு மூளை உருகிப்போச்சா உனக்கு? வாயக் கழுவு மொதல்ல.” நான் மூன்றை எடுத்தேன். நல்ல வெள்ளையாகப் பார்த்து எடுத்தேன். “நேத்து ராத்திரிதான் முடிச்சேன். நீ வருவேன்னு தெரிஞ்சிருந்தா நீலமும் பின்னிருப்பேன்.”

“ரெண்டு போதும் அக்கா.”

“போதும்னு நீ சொன்னா ஆச்சா? இந்தா, புடி, மூணு. தகராறு பண்ணாத. காலையில ஒரு பிரெஞ்சுக்காரனையே வழிக்குக் கொண்டுவந்தவ நான்.”

ஹ்ராச் எழுந்து நின்றுவிட்டார். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றி நெஞ்சோடு பிடித்துக்கொண்டார். அதைப் பார்த்தும் புரியாமல், “வந்துருவான், பாரு” என்றேன். அந்த இரண்டு வார்த்தைக்காக என் நாக்கை அறுத்துப் போடலாம்.

“செவ்வாய்க்கெழம ராணுவத்துலருந்து கூப்பிட்டாங்க” என்றாள் நுவார்த். “கெடச்ச எலும்பு என் ரத்தத்தோட ஒத்துப்போகுதாம். நாளைக்கு யெராப்லூர் ராணுவக் கல்லறைத் தோட்டத்துல அடக்கம்.”

சந்தைச் சத்தம் எதுவும் என் காதில் விழவில்லை. உட்கார்ந்துவிட்டேன். அவள்தான் மேசையைச் சுற்றி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டாள். பிள்ளையைப் பறிகொடுத்தவள் எனக்கு ஆறுதல் சொல்கிறாள், நான் அழுகிறேன். என்ன கொடுமை இது!

“நெஜப் பூவெல்லாம் ராணுவம் கொண்டுவரும்” என்றாள். “அவன் மேசையில இத்தன வருஷமா இருந்தது உன் பூதான். அவனுக்கு அதுதான் பழக்கம்.”

“வீட்ல அத்தன இருக்கேம்மா...”

“அதெல்லாம் அவன் உயிரோட இருக்கான்னு வாங்கினது. அத எப்படிக் கல்லறைக்குக் கொண்டுபோவேன்?”

காகிதம் எடுத்தேன். முப்பது வருஷத்தில் முதல்முறையாக இரண்டு பூவைச் சுற்றிக் கட்டினேன். மூன்றாவது மேசைமேல் கிடந்தது. நுவார்த் அதை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடினாள்.

“இது செவாக்குக்கு.”

“உனக்கு யாரு சொன்னா?”

“யாரு சொல்லணும்? ரெண்டாவது வருஷமே பாத்தேன். சாப்பாட்டுப் பையோட தூணுக்குப் பின்னாடி நின்னான், நீ மெதுவா செவாக்னு கூப்பிட்டது காதுல விழுந்துச்சு. மூக்கு அப்படியே உன் மூக்கு.” அவள் முகத்தில் சிரிப்பு வந்தது, உடனே போய்விட்டது. “நீயா சொல்லுவேன்னு ஒவ்வொரு வருஷமும் காத்திருந்தேன் அக்கா. நாளைக்கு அவனக் கூட்டிக்கிட்டு வா. என் பையன் வயசுல ஒருத்தனாவது பக்கத்துல நிக்கணும்.”

பொட்டலத்தை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். ஹ்ராச் தொப்பியைப் போட்டுக்கொள்ளாமல் அவள் போன திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்துச் செவாக்கைக் கூப்பிட்டேன்.

“சாப்பாடு எடுத்துக்கிட்டு வா.”

“வரேன்மா. தூணுக்குப் பின்னாடி நிக்கணுமா?”

“வேணாம்யா” என்றேன். “முன்பக்கமாவே வா.”