எட்டாவது தூண்டில்

இரண்டாவது பாறைத்திட்டுக்கு வந்து இன்ஜினை அணைத்ததும் ஒவ்வொருவராக எழுந்து அவரவர் தூண்டிலை எடுத்துக்கொண்டார்கள். படகின் ஓரக் கம்பியில் வரிசையாகப் பற்றவைத்த, தூண்டில் செருகும் எட்டுக் குழாய்களில் ஏழு காலியாயின. எட்டாவதில் ஒரு தூண்டில் அப்படியே நின்றது. இரைக்கு நறுக்கிய கணவாய்மீன் துண்டுகள் இருந்த தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா அதையே பார்த்தாள். அது பேங்க்காரருடையது. காலையிலிருந்து வாய் ஓயாத மனிதர், மீன் என்றால் முதல் ஆளாய்ப் பாய்கிறவர், இப்போது ஏன் வரவில்லை? கழிவறையில் இருப்பார் என்று நினைத்துக் கதவைத் தட்டினாள். தட்டியதுமே அது திறந்துகொண்டது. உள்ளே ஒரு வாளியும் குவளையும் மட்டும் இருந்தன.

கேபினில் எட்டிப் பார்த்தாள். அவள் தம்பி மட்டும் சக்கரத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தான். முன்பக்கம் போனாள், பின்பக்கம் போனாள், ஐஸ் பெட்டிக்குப் பின்னால்கூடக் குனிந்து பார்த்தாள். முப்பத்தாறு அடிப் படகில் ஒரு ஆள் ஒளிந்துகொள்ள எத்தனை இடம்தான் இருக்கும்? பின்பக்க இருக்கைக்கு அடியில் ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட் ஒன்று சுருண்டு கிடந்தது. பட்டை வயிற்றில் இறுக்குகிறது என்று அவர் முதல் மணி நேரத்திலேயே முணுமுணுத்தது அவளுக்கு நினைவுக்கு வந்தது.

படகு அக்கா, தம்பி இருவருக்கும் சொந்தம். அவன் ஓட்டுவான், அவள் மேல்தளத்தைப் பார்த்துக்கொள்வாள். இரை குத்திக் கொடுப்பது, சிக்கலை அவிழ்ப்பது, வாந்தி எடுப்பவர்களுக்கு எலுமிச்சை கொடுப்பது எல்லாம் அவள் பாடு. நான்கு மணி நேரச் சவாரி, தலைக்கு ஒரு இடம் என்று பகிர்ந்து வருகிறவர்கள்தான் எல்லோரும். முன்பின் தெரியாத எட்டுப் பேரை ஒரு ஓரத்தில் தோளோடு தோள் நிறுத்திவிட்டால், முதல் மீன் ஏறுவதற்குள் சம்பந்தி மாதிரி பேச ஆரம்பித்துவிடுவார்கள். பாறைத்திட்டின் காற்று வருகிற பக்கம் போய் இன்ஜினை அணைத்துவிட வேண்டும். நங்கூரம் கிடையாது. காற்று தள்ளுகிற வழியில் படகு மெல்ல மிதந்து திட்டைக் கடக்கும், தூண்டில்கள் அடியில் தடவிக்கொண்டே வரும். அதுதான் ஒரு மிதப்பு, ஒரு திட்டில் இரண்டு மிதப்பு. கடந்ததும் தம்பி ஹாரன் அடிப்பான். எல்லோரும் நூலைச் சுற்றி, தூண்டிலைக் குழாயில் செருகிவிட வேண்டும். அக்கா எண்ணிப் பார்த்து "எட்டு!" என்று குரல் கொடுத்த பிறகுதான் இன்ஜின் கிளம்பும்.

அவள் எண்ணுவது ஆட்களை அல்ல, தூண்டில்களை. ஆட்கள் ஓர் இடத்தில் நிற்கிற ஜாதியா? ஒருவர் கேபினில் நிழலுக்கு ஒதுங்குவார், ஒருவர் கழிவறையில் இருப்பார், ஒருவர் தலைசுற்றி எங்காவது சுருண்டு கிடப்பார். மூன்று தரம் எண்ணினால் மூன்று விடை வரும். தூண்டில் அப்படி இல்லை, வைத்த இடத்தில் நிற்கும். நூல் தண்ணீரில் கிடந்தால் இன்ஜின் விசிறியில் சுற்றிக்கொள்ளும் என்ற பயத்தில் ஆரம்பித்த எண்ணிக்கை அது. தூண்டில் இருந்தால் பிடித்தவனும் இருப்பான் என்று போகப் போக அதுவே ஆள் கணக்காகவும் ஆகிவிட்டது. "அக்கா, தலையை எண்ணு" என்று தம்பி நூறு தடவை சொல்லியிருப்பான். "பதினோரு வருஷமா ஒரு தலை குறைஞ்சிருக்கா?" என்று அவளும் நூறு தடவை அவன் வாயை அடைத்திருக்கிறாள்.

"தம்பி, படகைத் திருப்பு. ஒரு ஆளைக் காணோம்."

அவன் திரும்பிப் பார்த்த பார்வையை அவளால் தாங்க முடியவில்லை. "எட்டுன்னு சொன்னியே" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ரேடியோவை எடுத்துக் கரைக்குத் தகவல் சொன்னான், திரையில் தாங்கள் வந்த தடத்தைப் பெரிதாக்கினான், சக்கரத்தை ஒடித்தான். முதல் திட்டிலிருந்து இங்கே வர ஆன பன்னிரண்டு நிமிடத்தையும் இப்போது திரும்பக் கடந்தாக வேண்டும்.

விஷயம் மேல்தளத்தில் பரவியது. ஒருவர் தூண்டிலைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றார். வந்தவர்களில் ஒருவரான பல் டாக்டர், யாரும் கேட்காமலே, "நான் அந்தப் பக்கம் பாக்கவே இல்லையே, நான் மீனைத்தான் பாத்துட்டிருந்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். அக்கா எல்லோரையும் ஆளுக்கொரு திசை பார்க்க நிறுத்தினாள். பிறகுதான் பேங்க்காரரின் மனைவியைத் தேடினாள். அந்த அம்மாள் முன்பக்கம் தனியாக, கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, படகு போகிற திசையையே பார்த்து நின்றாள். அழவில்லை.

காலையில் இவர்கள் ஏறும்போதே அக்காவுக்குக் கொஞ்சம் சிரிப்பாகத்தான் இருந்தது. மனைவி எங்கே உட்கார வேண்டும், தொப்பியை எப்படிப் போட வேண்டும், தூண்டிலை எந்தக் கையில் பிடிக்க வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டே வந்தார். கெட்டவர் இல்லை. எல்லோரிடமும் கலகலப்பாகப் பேசினார், கொண்டுவந்த முந்திரியை எல்லோருக்கும் கொடுத்தார். முதல் மிதப்பில் அந்த அம்மாளின் தூண்டில்தான் முதலில் வளைந்தது. முகமெல்லாம் பல்லாக அவள் இரண்டு சுற்றுச் சுற்றினாள். அதற்குள் அவர், "விடு விடு, உனக்குத் தெரியாது, அறுத்துக்கிட்டுப் போயிடும்" என்று தூண்டிலை வாங்கி, தானே இழுத்து, மீனோடு தானே படம் எடுத்துக்கொண்டார். படம் எடுத்தது அந்த அம்மாள்தான். அக்கா அதைப் பார்த்துவிட்டு, எத்தனை வீட்டில் இப்படி என்று நினைத்தபடி அடுத்த ஆளுக்கு இரை குத்தப் போய்விட்டாள்.

அடுத்த மிதப்பு முடிந்து ஹாரன் அடித்தபோது அந்த அம்மாள் தன் தூண்டிலைச் சுற்றி வைத்துவிட்டு, கணவருடையதையும் நிதானமாகச் சுற்றி, கொக்கியை வளையத்தில் மாட்டி, குழாயில் செருகினாள். "பரவாயில்லையே, கத்துக்கிட்டீங்களே!" என்று அக்கா பாராட்டினாள். சார் எங்கே என்று கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. கேட்பதற்குப் பதிலாக "எட்டு!" என்று கத்தினாள்.

இப்போது அருகில் போய் அவள் தோளைத் தொட்டாள். "அம்மா, பயப்படாதீங்க. சார் கடைசியா எப்ப உங்ககூட இருந்தாரு? யோசிச்சுச் சொல்லுங்க. அதை வச்சுத்தான் எங்க தேடுறதுன்னு தெரியும்."

"ரெண்டாவது தடவை இன்ஜினை நிறுத்தினீங்களே, கொஞ்ச நேரத்துல. கழிவறை நாறுதுன்னு பின்னால போய் நின்னாரு. அலை வந்து ஒரு ஆட்டு ஆட்டுச்சு."

"விழுந்ததைப் பாத்தீங்களா?"

"பாத்தேன்."

அக்காவுக்குத் தான் கேட்டது சரிதானா என்று புரியவில்லை. அந்த மிதப்பு அரை மணி நேரம் நீண்டது. அந்த அரை மணியும் இந்த அம்மாள் பின்பக்க இருக்கையில்தான் உட்கார்ந்திருந்தாள். அக்காவே இரண்டு தடவை அவளைத் தாண்டிப் போனாள்.

"பாத்துட்டு எப்படிம்மா சும்மா இருந்தீங்க?"

"வாயைத் திறந்தேன். சத்தம் வரலை." அவள் கடலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குரலில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. "வரும் வரும்னு பாத்தேன். அப்புறம் நீங்க பிஸ்கட் தட்டைக் கொண்டாந்து நீட்டினீங்க. ஒண்ணு எடுத்துக்கிட்டேன். பிஸ்கட்டை எடுத்த பிறகு எப்படிங்க சொல்றது?"

அக்காவின் கை அந்தத் தோளிலிருந்து தானாக இறங்கியது.

"ஹாரன் அடிச்சதும் தூண்டிலை எடுக்கச் சொன்னீங்க. எடுத்து வச்சேன். நீங்க ஆளைத்தான் எண்ணுவீங்க, ஒண்ணு குறையும், நீங்களே கேப்பீங்கன்னு நினைச்சேன். நீங்க எட்டுன்னு சொன்னீங்க."

அவளைப் பிடித்து உலுக்க வேண்டும் போல, கன்னத்தில் ஓங்கி அறைய வேண்டும் போல ஆத்திரம் வந்தது. ஒரு உயிர் போகிற இடத்தில் பிஸ்கட் கதை சொல்கிறாளே இவள்! ஆனால் இரண்டு தூண்டிலையும் அவள் வைத்ததைக் கண்ணால் பார்த்தவள் தான்தானே என்பதும் கூடவே வந்தது. கேபினுக்கு ஓடினாள். "முதல் திட்டுல, ரெண்டாவது மிதப்போட ஆரம்பம். அங்க பாரு" என்றாள். "யார் சொன்னா?" என்று தம்பி கேட்டான். "பாரு, சொல்றேன்" என்றாள்.

நல்ல வேளை, நீரோட்டம் அன்று மந்தம். காற்று படகைத் தள்ளியதே தவிர, தண்ணீர் அதிகம் நகரவில்லை. தம்பி வேகத்தைக் குறைத்து, மிதந்து வந்த தடத்தின் மேலேயே எதிர்ப்பக்கமாக ஏறினான். இரண்டு முறை யாரோ "அதோ" என்று கத்தினார்கள். ஒரு முறை அது பிளாஸ்டிக் கேன், இன்னொரு முறை ஒன்றுமே இல்லை. ஒவ்வொரு "அதோ"வுக்கும் அக்கா செத்துப் பிழைத்தாள். மூன்றாவது முறை கத்தியது அந்த அம்மாள். காலையிலிருந்து ஒரு தடவைகூட உயராத குரல், படகே அதிரும்படி கிளம்பியது. அவள் நீட்டிய கைக்கு நேரே, வெயிலில் பளபளத்துக்கொண்டு, ஒரு வெள்ளைச் சட்டைத் தொப்பை வானத்தைப் பார்த்து மிதந்துகொண்டிருந்தது.

ஏணியைப் போட்டு நான்கு பேர் சேர்ந்து இழுத்தார்கள். பல் டாக்டர்தான் தண்ணீரில் குதித்துக் கீழிருந்து தாங்கினார். மேலே வந்ததும் பேங்க்காரர் ஒரு குடம் தண்ணீராவது வாந்தி எடுத்தார். யாரோ கை தட்டினார்கள், யாரோ அழுதார்கள். கேபின் பெஞ்சில் உட்காரவைத்துப் போர்வை சுற்றினார்கள். உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, உதடு நீலம் பாரித்திருந்தது. தம்பி கரைக்குத் தகவல் சொல்லிவிட்டுப் படகை நேரே துறைமுகத்துக்கு விட்டான். அங்கே அதிகாரி காத்திருப்பார். எப்போது விழுந்தார், எப்போது தெரிந்தது, யார் எண்ணினார்கள் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமம் போனாலும் போகும், படகே போனாலும் போகும்.

அக்கா தேநீரை அவர் வாயருகே பிடித்தாள். அந்த அம்மாள் தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, அவருடைய ஒரு காலை மடியில் வைத்து, ஊறிப்போன கேன்வாஸ் ஷூவின் முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரில் இறுகிய முடிச்சு நகத்துக்கு அசையவில்லை.

நான்கு மிடறு குடித்ததும் அவருக்குப் பேச்சு வந்துவிட்டது. பல் கிட்டிக்கிட்டித்தான் வந்தது. "நீந்தத் தெரியாதுங்க எனக்கு. மல்லாந்து கிடக்க மட்டும் தெரியும். ஆனா பயமே இல்லை, சத்தியமா. ஏன் தெரியுமா? விழும்போது இவ என்னைத்தான் பாத்துட்டிருந்தா. கண்ணும் கண்ணும் பாத்துக்கிட்டோம். சரி, இவ பாத்துட்டா, இப்பச் சொல்லிடுவா, இப்பத் திருப்பிடுவாங்கன்னு அதையே சொல்லிக்கிட்டுக் கிடந்தேன். இல்லன்னா முதல் பத்து நிமிஷத்துலயே கையைக் காலை அடிச்சு முங்கியிருப்பேன்."

முடிச்சில் இருந்த விரல்கள் நின்றுவிட்டன.

அவர் தம்பியின் முதுகைப் பார்த்தார், பிறகு அக்காவைப் பார்த்தார். முகத்தில் மெல்லக் கோபம் ஏறியது. "அதான் கேக்கிறேன். இவ உடனே சொல்லியிருப்பா. அப்படியும் படகைத் திருப்ப உங்களுக்கு இவ்வளவு நேரமா?"

தம்பி சக்கரத்தைப் பிடித்தபடியே திரும்பி அக்காவைப் பார்த்தான். அவளுக்கு மட்டும் ஏதோ தெரியும் என்பது அவனுக்குப் புரிந்திருந்தது. அக்கா கோப்பையைக் கீழே வைத்தாள். அந்த அம்மாள் தலையை நிமிர்த்தவே இல்லை.

"சொல்லுங்க" என்றார் பேங்க்காரர். கேட்டுக்கொண்டே, முதல் ஷூ இன்னும் கழலாத நிலையில், மற்றக் காலையும் தூக்கி மனைவியின் மடியில் வைத்தார்.