கான் நகர்ந்த சரிவு

மானாப்புல்லை நில அளவையாளன் யோகேஸ்வரன் விலக்கிப் பார்த்தான். புல்லுக்கு அடியில், மண் மூடிப்போன பழைய கான் ஒன்று கல் கட்டோடு சரிவின் குறுக்கே ஓடியது.

மழைத் தண்ணீரை வடித்துவிடும் கான்தான் அந்தத் தேயிலைத் தோட்டத்தில் எல்லை. எல்லைக்கல் என்று எதுவும் இல்லை. போன வருட மண்சரிவை ஆராய்ந்தவர்களின் அறிக்கையும் அதையே அடையாளமாகச் சொல்லியிருந்தது: பெரிய கானுக்கு மேலே வீடு கட்டக் கூடாது. இரண்டு மாதத்துக்கு முன் அவன், தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த கானைப் பெரிய கான் என்று எடுத்துக்கொண்டு, அதற்குக் கீழே, வீடிழந்த குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் நிலம் வீதம் பன்னிரண்டு துண்டுகள் பிரித்து வரைபடத்தில் கையெழுத்திட்டான். பழைய தோட்ட வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. இன்று அத்திவாரத்துக்கு முளை அடிக்க வந்தபோதுதான் ஒப்பிட்டான். தண்ணீர் ஓடும் கான் புதியது. பழையதற்கு நாற்பது அடி மேலே வெட்டியிருந்தார்கள்.

நான்கு வீட்டுத் துண்டுகள் பழைய கானுக்கு மேலே, சரியக்கூடிய மண்ணில் இருந்தன. நாளைக் காலை ஒன்பது மணிக்குக் கல் நாட்டு விழா.

அந்த நான்கில் பத்தாம் இலக்கத் துண்டு அவனுடைய மாமனாருக்கு விழுந்திருந்தது.

தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துக்கு அவன் நடந்து வந்தான் என்பதைவிட ஓடி வந்தான் என்பதே சரி. போன வருடம் தொழிலாளர்களின் வரிசை வீடான லயம் மண்ணில் புதைந்த நாளிலிருந்து பன்னிரண்டு குடும்பங்களும் அந்த ஒரே கூரையின் கீழ், சேலைகளைத் தடுப்பாகக் கட்டிக்கொண்டு வாழ்கின்றன. மாமனார் ஆண்டியப்பன் வாசலில் மண்வெட்டிக்குக் காம்பு போட்டுக்கொண்டிருந்தார். அம்மாவுக்குச் சாமான் கட்ட உதவ வந்திருந்த அவன் மனைவி கிருஷாந்தி, உள்ளே சிரித்துப் பேசும் சத்தம் கேட்டது.

"மாமா, மேல ஓடுற கான எப்ப வெட்டுனாங்க?"

ஆண்டியப்பனின் கை நின்றது. "ஏன் மாப்புள்ள?"

"சொல்லுங்க."

"சரிவுக்குப் பொறகு. நானும் இன்னும் மூணு பேரும்தான் கான் வெட்டுக்குப் போனோம்."

அளந்த அன்று யோகேஸ்வரனின் உதவியாள் வரவில்லை. அளவுகோலைப் பிடித்தவர் இதே ஆண்டியப்பன்தான். அந்தக் கானின் கரையில் கோலை ஊன்றி நின்றவரும் அவர்தான்.

"தெரிஞ்சுதான் புடிச்சீங்களா?"

"பழைய கானுக்குக் கீழ அளந்தா எட்டு வீடுதான் வருமுன்னு தோட்டத்துத் தொர ஆபீசுல பேசிக்கிட்டாங்க. பன்னெண்டு குடும்பம் இருக்குதே! அம்பது வருசமா அந்தச் சரிவுல கொழுந்து எடுத்திருக்கோம், ஒண்ணும் ஆகல."

"லயம் போச்சே மாமா. உங்க கண்ணு முன்னாலதானே போச்சு?"

சேலையை விலக்கிக்கொண்டு கிருஷாந்தி வந்தாள். பின்னால் மாமியார் மீனம்மாவும் வந்தார். விஷயம் புரிய அவர்களுக்கு நேரம் ஆகவில்லை.

"அத்திவாரம் போடட்டுங்க," என்றாள் கிருஷாந்தி. "பொறகு மேல ஒரு செவுரு கட்டச் சொல்லி எழுதிக் குடுங்களேன். அம்மாவ இன்னொரு மழைக்கு இங்க வச்சிருக்க முடியாதுங்க. ராவெல்லாம் இருமுறாங்க, பாக்குறீங்கதானே?"

"அத்திவாரம் போட்டுட்டா யாரும் நிறுத்த மாட்டாங்க, கிருஷா. நான் கையெழுத்தத் திரும்ப எடுத்தா இப்பவே நிக்கும்."

"எடுத்துட்டு என்னான்னு சொல்லுவீங்க?"

"ஒத்துப்பாக்காம அளந்தேன்னு. கோல் புடிச்சது என் மாமனாருன்னு. அவருக்கும் வீடு இருக்குன்னு முன்னாடியே எழுதிக் குடுக்கலன்னு."

அதுதான் அவனை அதிகம் வருத்தியது. சொந்தக்காரருக்குப் பங்கு வரும் நிலத்தை அளப்பதென்றால் முதலில் அதைத் தெரிவிக்க வேண்டும்; படிக்கும் காலத்தில் மனப்பாடமாகச் சொன்ன விதி. மாமனார் உறவு இந்த மஸ்கெலியாவில் எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று விட்டுவிட்டான். ஒரு வரி எழுதியிருந்தால் வேறொருவர் அளந்திருப்பார். அவர் கையில் பழைய வரைபடம் இருந்திருக்கும்.

"நெலம் அளக்குற அனுமதிப் பத்திரத்தப் பறிச்சிட்டா?" என்றாள் கிருஷாந்தி.

"பறிப்பாங்க போலதான் இருக்கு."

மீனம்மா மெதுவாகக் கேட்டார்: "மேல விழுந்த மத்த மூணு வீடு யாருக்குத் தம்பி?"

அவன் பெயர்களைச் சொன்னான். கடைசிப் பெயர் ஜீவராணி. புருஷனை அந்தச் சரிவிலேயே இழந்தவள். பக்கத்துத் தடுப்புக்குள் இருந்து அவள் எழுந்து வந்தாள், எல்லாம் கேட்டிருக்கிறாள்.

"எனக்குப் பதினொண்ணாந் துண்டுதானே? அப்ப எனக்கு எடம் எங்க சேர்?"

யோகேஸ்வரன் கையிலிருந்த வரைபடத்தை ஒருமுறை பார்த்தான்.

"தெரியாது அக்கா," என்றான் கடைசியில். "கீழ எடம் தேடச் சொல்லி எழுதுறேன். கெடைக்குமான்னு தெரியாது."

"மாப்புள்ளைக்குப் படிப்பு பெருசு, குடும்பம் பெருசில்ல," என்றார் ஆண்டியப்பன் கசப்போடு.

"சும்மா இருங்க!" ஜீவராணி அவர் பக்கம் திரும்பினாள். "அந்த மண்ணுலதான் எங்க ஆளு கெடக்குது. தெரிஞ்சுக்கிட்டே என்னைய அதுக்குக் கீழ படுக்க வைக்கப் பாத்தீங்களா மாமா?"

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டு அங்கேயே குந்தினார். அவருடைய தோள்கள் குலுங்கின. யாரும் அருகே போகவில்லை.

யோகேஸ்வரன் ஹட்டன் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினான். நாளை பெரியவர்கள் வருகிறார்கள், விழா முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று அதிகாரி சிங்களத்தில் சமாதானம் சொன்னார். கையெழுத்தைத் திரும்பப் பெறுகிறேன், நான்கு மணிக்குள் கடிதத்தோடு வருகிறேன் என்று அவன் சிங்களத்திலேயே இரண்டு முறை சொன்னான். அதிகாரி இணைப்பைத் துண்டித்தார்.

மடுவத்துத் தரையில் உட்கார்ந்து கடிதம் எழுதினான். மூன்று தவறுகளையும் மூன்று பந்திகளில் எழுதி, முகவரியும் தேதியும் போட்டான். ஹட்டன் பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது.

கிருஷாந்தி அவனைப் பார்க்காமல் நின்றிருந்தாள். அவன் செருப்பை மாட்டும்போதுதான் பேசினாள்.

"நான் வீட்டுக்கு வரலைங்க."

அவன் தலையசைத்தான்.

"முழுசாக் கேளுங்க. கடிதத்தக் குடுத்துட்டு நீங்களும் இங்கயே வாங்க. இவங்களுக்கு எடம் கெடைக்கிற வரைக்கும் நம்ம ரெண்டு பேரும் இங்கதான். அம்மா நம்ம வீட்டுக் கட்டில்ல படுக்கட்டும், ஜீவராணி அக்காவையும் தொணைக்குக் கூட்டிட்டுப் போகட்டும்." கண்ணைப் புறங்கையால் துடைத்தாள். "அப்பாகிட்ட தெனம் திட்டு வாங்குறது ஒங்க பாடு."

பஸ்ஸின் ஹாரன் கீழ் வளைவில் கேட்டது. கடிதத்தைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு அவன் இறங்கி ஓடினான்.