எதிராளி முறுக்கும் நட்டு

ரேஸ் என்றால் என்னவென்று தெரியாதவர்கள்தான் கடைசியில் எங்கள் ரேஸை நடத்த வந்தார்கள். மைக் செட் கட்டத் தெரியும், கொடி கட்டத் தெரியும், யார் தோற்றால் எந்த ஜாதிக்கு, எந்த மொழிக்கு அவமானம் என்று தீர்ப்புச் சொல்லவும் தெரியும். கிளட்சை எப்போது விட வேண்டும் என்று மட்டும் ஒருவனுக்கும் தெரியாது.

நாற்பத்தேழில் தொடங்கியபோது நாங்கள் மூன்று பேர்தான். பட்டாளத்திலிருந்து திரும்பி வந்து பாறசாலையில் ஒர்க்ஷாப் போட்டிருந்த நான், கனகதாஸ். என் பெஞ்சாதி செல்லபாயின் தம்பி எலியா. மூன்றாவது ஆள் நெய்யாற்றின்கரைக் கிருஷ்ணன்குட்டி. பட்டாளத்தில் என்னோடு லாரி ரிப்பேர் பார்த்தவன், வீட்டில் மலையாளம் பேசுகிறவன். சண்டை முடிந்ததும் ஏலத்தில் விட்ட பழைய பட்டாள பைக்குகளில் இரண்டை எடுத்து வந்தோம். இரண்டும் ஒரே பச்சை, ஒரே இன்ஜின். எலியா ஒன்றில் ஏறினான், கிருஷ்ணன்குட்டி மற்றதில் ஏறினான். எது வேகம் என்று பார்க்காமல் மனுஷன் எப்படித் தூங்குவான்?

பாறசாலைக்கும் உதியன்குளங்கரைக்கும் நடுவில் ரோடு ஓரிடத்தில் வளைவே இல்லாமல் கிடக்கும். ஒரு பர்லாங் கல்லில் புறப்பட்டு, அடுத்த கல்லைத் தாண்டி, அதற்கும் அடுத்ததில் முடிக்க வேண்டும். மொத்தம் இரண்டு பர்லாங். நின்ற இடத்திலிருந்து எடுக்க வேண்டும். ஓடி வந்து எடுப்பது கிடையாது. இருபது எண்ணுவதற்குள் முடிந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து எலியா வெள்ளைச் சட்டையோடு வருவான். பெண் பார்க்கப் போகிறவன் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்துதான் ஓட்டுவான். தோற்றவன் டீ வாங்கிக் கொடுப்பான். பஸ் வந்தால் ஒதுங்கி நிற்போம். டிரைவர் தலையை நீட்டி யார் ஜெயித்தது என்று கேட்டுவிட்டுப் போவார்.

பிறகு ரேஸ் மாறியது. மட்கார்டைக் கழற்றினோம், விளக்கைக் கழற்றினோம், சீட்டை எறிந்துவிட்டுச் சாக்கை மடித்துப் போட்டோம். எலியா டாங்கின்மேல் படுத்து ஓட்டப் பழகினான். கிருஷ்ணன்குட்டி பின்சக்கரத்தில் பெரிய பல்சக்கரம் மாட்டினான். நான் பெட்ரோலில் ஸ்பிரிட் கலந்து பார்த்தேன். இருபது எண்ணிக்கை பதினேழாயிற்று. இந்த மாற்றத்தில் எனக்கு ஒரு குறையும் கிடையாது. வண்டிக்காரன் வண்டியை மாற்றுவது அவன் பிறப்புரிமை.

நாற்பத்தொன்பதில் கிருஷ்ணன்குட்டி ஒருமுறை விழுந்தான். பின்சக்கரத்து நட்டு இறுகாமல் போய், சக்கரம் கோணி, செயின் துள்ளிவிட்டது. முழங்கையில் தோல் போனதோடு சரி. ஆனால் வேடிக்கை பார்த்தவர்களில் யாரோ, பாறசாலைக்காரன் நட்டைத் தளர்த்தியிருப்பான் என்று முணுமுணுத்தான். கிருஷ்ணன்குட்டிதான் அதற்கு வழி சொன்னான்.

"எடா தாசே, இனி எனக்க நட்டு நீ முறுக்கு. உங்க நட்டு ஞான் முறுக்கும். பின்ன ஆரு விழுந்தாலும் ஒருத்தனும் வாய் திறக்கான்."

அன்றிலிருந்து அதுதான் சட்டம். ரேசுக்கு முன் செயினை இழுத்துவைக்கப் பின்சக்கரத்து நட்டைத் தளர்த்தியே ஆக வேண்டும். செயினைச் சரிபண்ணி, நட்டை விரலால் ஓட்டிவிட்டு, நான் இரண்டடி பின்னால் போய்விடுவேன். கிருஷ்ணன்குட்டி ஸ்பானரோடு வந்து முறுக்குவான். அவன் வண்டியில் நான் முறுக்குவேன். ஐந்து வருஷம், ஒரு தடவைகூட எங்கள் நட்டை நாங்களே முறுக்கியதில்லை. நான் முறுக்கிய வண்டியில் ஏறி அவன் என் மச்சினனைத் தோற்கடித்திருக்கிறான். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

அப்புறம் ஞானையன் வந்தார். பாறசாலையில் ஜவுளிக்கடை வைத்திருந்தவர், எல்லைப் போராட்டக் கமிட்டிக்காரர். போராட்டத்தை நான் குறை சொல்லவில்லை. மலையாள ஆட்சியில் கிடந்த எங்கள் தாலுகாவும் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று நானும் ஊர்வலம் போனவன்தான். தமிழில் எழுதிக் கொடுத்த மனுவை என் முகத்தில் எறியாத குறையாகத் திருப்பித் தந்த ஆபீசை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரியும். அந்தக் கோபம் நியாயமான கோபம். அதைக் கொண்டுபோய் இரண்டு பர்லாங் ரோட்டில் கொட்டினார்களே, அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. மலையாளப் பக்கத்துக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. செண்டைமேளத்தோடு வந்தார்கள். கடைசியில் எலியா தமிழனாகவும் கிருஷ்ணன்குட்டி மலையாளியாகவும் ஆனார்கள். அதுவரை ஒருவன் படுத்து ஓட்டுகிறவன், மற்றவன் குனிந்து ஓட்டுகிறவன், அவ்வளவுதான்.

ஐம்பத்து நான்காம் வருஷம் மே மாதம் நடந்தது கடைசி ரேஸ். ரோட்டின் இரண்டு பக்கமும் எள் போட்டால் விழாத கூட்டம். எலியாவின் கழுத்தில் மாலை, வண்டியில் கொடி. நான் செயினை இழுத்துவைத்து, நட்டை விரலால் ஓட்டிவிட்டு, இரண்டடி பின்னால் போய் நின்றேன். வழக்கம்போலக் கிருஷ்ணன்குட்டி ஸ்பானரோடு வந்தான். ஞானையனின் தொண்டர்கள் நாலு பேர் குறுக்கே விழுந்து அவனைத் தடுத்தார்கள். அவன் அவர்களுக்கு மேலாக என்னைப் பார்த்தான்.

"தாசே, ஞான் முறுக்கண்டே? பறயடா இவரோடு."

அவன்தான் முறுக்க வேண்டும் என்று அவர்களிடம் நான் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தை போதும். ஆனால் கூட்டம் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது, ஞானையன் பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கும் ரத்தம் தலைக்கேறியிருந்தது.

"மலையாளத்தானுக்க கை எனக்க வண்டியில படண்டாம். மாறிப் போ!" என்று கத்தினேன்.

கைதட்டல் காதைப் பிளந்தது. அது எனக்கு இனித்தது. இதை மறைத்து நான் யோக்கியன் வேஷம் போடப் போவதில்லை. கிருஷ்ணன்குட்டி திரும்பிப் போய், தன் நட்டைத் தானே முறுக்கிக்கொண்டான். நான்? மார்பில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். விரலால் ஓட்டிவிட்டுப் பின்னால் போனால் என் வேலை முடிந்தது என்று ஐந்து வருஷமாகப் பழகிய கை. அதற்கு ஒன்றும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

கொடி இறங்கியது. எலியா நன்றாகத்தான் எடுத்தான், அரை வண்டி முன்னால் போனான். இரண்டாவது கியர் போட்டு ஆக்சிலரேட்டரை முறுக்கியதும் பின்சக்கரம் கோணியது, செயின் துள்ளிச் சக்கரத்தில் சிக்கியது. வண்டி அவனைத் தூக்கி நடுவிலிருந்த பர்லாங் கல்லின்மேல் அடித்தது. நான் ஓடிப் போனபோது வலது முழங்கால் இருந்த இடத்தில் முழங்கால் இல்லை.

"ஸ்பானர் வச்சிருந்தான்! அவன் பக்கத்தில வந்தத நான் கண்டேன்!" என்று யாரோ கூவினான். அவ்வளவுதான். கிருஷ்ணன்குட்டியை இழுத்துப்போட்டு மிதித்தார்கள். அவனுடைய பைக்கைப் பாறாங்கல்லால் அடித்து நொறுக்கினார்கள். ஒரு லாரிக்காரர் அவனை அள்ளிப் போட்டுக்கொண்டு போனதால் உயிர் பிழைத்தான். நான் எலியாவின் வண்டியை நிமிர்த்தி நட்டைத் தொட்டேன். இரண்டு விரலால் சுற்றியது. அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆஸ்பத்திரியில் எலியாவின் காலை முழங்காலுக்கு மேலே எடுத்தார்கள். சனிக்கிழமை சாயங்காலம் சந்தையில் கண்டனக் கூட்டம் என்று நோட்டீஸ் வந்தது. தமிழ் இளைஞனின் காலைப் பறித்த சதியாம். கூட்டம் முடிந்ததும் கிருஷ்ணன்குட்டி வீட்டுக்குத் தீ வைக்கப் போகிறோம் என்று சில பேர் வெளிப்படையாகவே பேசினார்கள். அந்த வீட்டில் அவனுடைய அம்மாவும், பெஞ்சாதி சத்யபாமாவும், இரண்டு பிள்ளைகளும் இருந்தார்கள். நான் ஞானையன் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் துணியை மடித்துக்கொண்டே கேட்டார்.

"எலே தாசு, நட்டு நீ முறுக்கல்லண்ணு இப்ப உங்கிட்ட ஆரு கேட்டா?"

"ஆரும் கேக்கல்ல அண்ணே. நான் சொல்லுதேன்."

"வேண்டாம் மக்கா. ஆயிரக்கணக்குல ஆளு வரும். நீ மேடையில வந்து இருந்தா போதும். வாயத் திறக்கண்டாம்."

"அவனுக்க வீட்ட எரிச்சா?"

"ஆளுகளுக்கு ஆத்திரம் உண்டு. நான் என்ன செய்ய?" என்றார், அடுத்த துணியை எடுத்தபடி. அந்தத் துணியை அவர் வாயில் திணிக்க வேண்டும் போல இருந்தது எனக்கு.

சனிக்கிழமை மேடையில் ஏறினேன். ஒரு பேச்சுக்கும் அடுத்த பேச்சுக்கும் நடுவில் எழுந்து மைக்கைப் பிடித்தேன்.

"அந்த நட்ட முறுக்காதது நானாக்கும். கிருஷ்ணன்குட்டி முறுக்கத்தான் வந்தான். மலையாளத்தான் தொடண்டாம்ணு நான் வெரட்டினேன். பின்ன நானும் முறுக்கல்ல, மறந்துபோனேன். எனக்க மச்சினனுக்க கால எடுத்தது நான். எரிக்கணும்ணா எனக்க ஒர்க்ஷாப்ப எரியுங்க."

மைக் வயரைப் பிடுங்கினார்கள். சட்டையைக் கிழித்தார்கள், செருப்பு பறந்து வந்தது. எத்தனை ரூபாய் வாங்கினாய் என்று கேட்டார்கள். ஆனால் பழைய நாளிலிருந்து ரேஸ் பார்த்துவந்த பத்திருபது பேர் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். நட்டை எதிராளிதான் முறுக்குவான், அதுதான் வழக்கம், தாஸ் சொல்வது சரி என்று அவர்களும் கத்தினார்கள். கூட்டத்துக்குள்ளேயே கைகலப்பானது. அன்றைக்கு யாரும் நெய்யாற்றின்கரைக்குப் போகவில்லை. கிருஷ்ணன்குட்டியின் வீடு தப்பியது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனேன். முந்தின நாள் வரை எலியாவின் கட்டிலைச் சுற்றி ஆட்கள் நின்றார்கள், ஆரஞ்சுப் பழம் குவிந்து கிடந்தது. இப்போது செல்லபாய் மட்டும் இருந்தாள். அவள் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. எலியா பார்த்தான்.

"அத்தான், நீங்க மேடையில பேசினத ஆளுக சொல்லிக் கேட்டேன்."

"சத்தியத்தச் சொன்னேன் மக்கா."

"சத்தியந்தான். அது எனக்கு வேண்டாம்." "அவன் செய்ததுண்ணு இருந்தா, எனக்க காலு தமிழுக்காகப் போச்சுண்ணு இருக்கும். இப்ப நீங்க மறந்ததுனால போச்சு. இத நான் ஆருட்ட போய் எப்படிச் சொல்லுவேன்?"

ஒரு மனுஷனைத் தன் கால் ஒரு பொய்க்காகப் போயிருக்கக் கூடாதா என்று ஏங்க வைத்தார்களே, அவர்கள்மேல் வந்த கோபம் எனக்கு இன்னும் அடங்கவில்லை. என்மேல் வந்ததும் அடங்கவில்லை. கிருஷ்ணன்குட்டியைத் தேடி இரண்டு தடவை போனேன். இரண்டு தடவையும் சத்யபாமா வாசலில் நின்று, அவர் இங்கே இல்லை என்றாள். உள்ளே அவன் இருமுவது எனக்குக் கேட்டது.

இரண்டு வருஷத்தில் மொழிவாரியாக எல்லை பிரித்தார்கள். எங்கள் தாலுகா கேரளத்தோடு நின்றுவிட்டது. ஞானையன் நாகர்கோவிலில் புதிய கடை திறந்தார். எலியா கக்கத்தில் கட்டையோடு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். புதிதாக யாராவது கால் எப்படிப் போனது என்று கேட்டால், மலையாளத்தான் நட்டைக் கழற்றிவிட்டான் என்கிறான். நான் பக்கத்தில் நின்றாலும் அதைத்தான் சொல்கிறான். இல்லை, நான்தான் முறுக்கவில்லை என்று ஒவ்வொரு தடவையும் நான் மறுக்கிறேன். கேட்கிறவர்கள் அவன் காலைப் பார்க்கிறார்கள், பிறகு என்னைப் பார்த்து, நீரு ஏன் ஓய் பொய் சொல்லுதீரு என்கிறார்கள்.