தெற்குப் பக்கத்துக் கூரை

ஓசெட் ஃபான்டனோ தன் வீட்டுக் கூரை உச்சியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். அறுபது தாண்டிய வயதில், முட்டி ஆபரேஷன் ஆன காலோடு, வேறு யாராவது ஏறுவார்களா? கோபம் தலைக்கேறிவிட்டால் அவளுக்கு முட்டியாவது, வலியாவது!

பின்னே என்ன? போன மாதப் புயலில் லேக் சார்ல்ஸ் ஊர் முழுக்கக் கூரை பிய்ந்தது. அவள் படுக்கையறைக்குள்ளேயே மழை. இன்சூரன்ஸ் கம்பெனியோ, காற்று ஒன்றும் செய்யவில்லை, கூரைக்கு வயசாகிவிட்டது என்று வாய் கூசாமல் கைவிரித்துவிட்டது. அடுத்த புயலுக்குள் கூரை போடாவிட்டால் வீட்டையே மறந்துவிட வேண்டியதுதான். மல்லுக்கட்டி மறுபடி வரவழைத்தால், கம்பெனியிலிருந்து வந்த வேட் என்ற பையன் வாசலில் நின்றபடியே போட்டோ எடுத்துவிட்டுக் கிளம்பப் பார்த்தான். வாசல் இருப்பது வடக்கே. புயல் அடித்ததோ தெற்கே, கடல் பக்கமிருந்து.

"அக்கா, இறங்குக்கா! விழுந்து தொலைச்சா நான்தானே பாக்கணும்!" என்று கீழேயிருந்து கத்தினாள் தங்கை எல்மைரா.

"நீ வாய மூடிக்கிட்டு போன்ல படம் புடி. தம்பி, நீ மேல வந்து பாத்தாதான் நான் இறங்குவேன்."

"மேடம், சரிவு ஜாஸ்தி. ஏறக்கூடாதுன்னு ரூல் இருக்கு."

"கிழவி ஏறின சரிவுடா இது!"

மார்டி கிரா திருவிழா ஊர்வலம் பார்க்க வருவதுபோல் மடக்கு நாற்காலியும் பீருமாகத் தெருவே கூடிவிட்டது.

"எதுக்கு வம்பு ஓசெட்?" என்றார் எதிர்வீட்டு ஆல்சைட். "நான் மக வீட்டுக்குப் போயிருந்தப்ப எங்க வீட்டையும் பாத்துட்டு வயசுன்னுதான் எழுதினாங்க. நான் ஒத்துக்கலையா?"

"நீங்க ஒத்துக்குங்க. நான் மாட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். முகம் சிவக்க, வேட் ஏணியில் ஏறினான்.

தெற்குச் சரிவில் ஓடுபோல் ஒட்டியிருந்த ஒரு தார்த் தகட்டைத் தூக்கிப் பார்க்கச் சொன்னாள். பசை விட்டுப்போய்க் கையோடு வந்தது. குறுக்கே ஒரு மடிப்பு. காற்று பின்னுக்கு மடக்கி அடித்தால்தான் அப்படி விழும். பக்கத்தில் இருந்ததும் அப்படியே.

"இது வயசா, காத்தா?"

"காத்துதாம்மா." குரலைத் தாழ்த்தினான். "ஆனா நான் எழுதி என்ன? இந்தத் தெருவுலயே சில வீட்டுல ஏறிப் பாத்து காத்துன்னுதான் எழுதினேன். ஆபீஸ்ல வயசுன்னு மாத்திட்டாங்க. அப்புறம் எதுக்கு ஏறணும்னு விட்டுட்டேன்."

பையனைப் பார்த்தால் ஓசெட்டுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும் விடுவதாக இல்லை.

"இத என் காதுல சொல்லி என்ன புண்ணியம்? கீழ பாத்துச் சொல்லு."

"வேலை போயிடும்மா."

"எனக்கு வீடு போயிடும்பா."

வேட் கீழே பார்த்தான். எல்மைரா போனை உயர்த்திப் பிடித்திருந்தாள். அவன் மெல்ல எழுந்து நின்று, தன் பெயரைச் சொல்லி, அத்தனையையும் உரக்கச் சொன்னான். யார் யார் வீடு என்றும் சொன்னான். முதலில் சொன்னது எதிர்வீட்டை.

ஆல்சைட் பீரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தார்.

"அவங்க ரெண்டு பேரும் இறங்கினதும்," என்றார், "அந்த ஏணிய எங்க வீட்டுக்குக் கொண்டாங்க."