மூச்சுக் கணக்கு

1

"ரேடியோ, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். ஆனா உங்க அண்ணன்கிட்ட மூச்சு விடக் கூடாது."

"ரேடியோன்னு பேரையும் வெச்சுட்டு மூச்சு விடாதேன்னா எப்படி அண்ணி?"

"அதனாலதான் மூணு வருசமா வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேன்."

இந்தக் கதை பிறந்த இடம் இதுதான். படகுக் கொட்டகைக்குப் பின்னால் நின்று, லைஃப் ஜாக்கெட்டுகளில் படிந்த உப்பை அண்ணி நல்ல தண்ணீரில் கழுவிக்கொண்டிருந்தாள். குழாயைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். எங்கள் வீட்டில் எந்த ரகசியமும் என்னிடம் ஒரு நாளுக்கு மேல் தங்கியதில்லை. எனக்கு ரேடியோ என்று பேர் வந்தது அப்படித்தான். பிறகு நான் கதை எழுதப் போனது, அதையே கொஞ்சம் மரியாதையாகச் செய்யும் வழி.

சத்தியம் செய்துவிட்டுத்தான் கேட்டேன். இப்போது எழுதுகிறேன். ஆக, இந்தக் கதையில் முதலில் சந்தேகப்பட வேண்டிய ஆள் நான்தான்.

2

தொடக்கங்கள்.

நீலக் கடலின் மடியில் இரு இதயங்கள் ஒரே தாளத்தில்

(நிறுத்தினேன். இருபது வருடங்களாகக் குடும்பக் காதல் கதை எழுதிய கை. விட்டால் தானாகவே கல்யாண மண்டபம் வரைக்கும் போய்விடும்.)

திமிங்கலம் மீன் அல்ல. அது மேலே வந்து மூச்சு விட

(பாடப் புத்தகம். ஆனால் 'மூச்சு' என்ற சொல் பின்னால் வேண்டும். கையில் வைத்துக்கொள்ளுங்கள்.)

அண்ணனும் அண்ணியும் நடுவில் ஒரு பலகையை நிறுத்திக்கொண்டு, முகம் பார்க்காமல், பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

(படிப்பவர்கள் சண்டை என்று நினைப்பார்கள். சண்டை இல்லை, வேலை. இந்த வாக்கியம் இருக்கட்டும்.)

வேலை இப்படி. இருவரும் கடல் ஆய்வு அலுவலகத்துக்காகத் திமிங்கலங்களை எண்ணுகிறவர்கள். சிறிய படகு, ஒற்றை இன்ஜின். வரைபடத்தில் போட்ட ஏழாம் கோட்டின் மேல் பத்து நிமிடம் ஓட்டுவார்கள். பிறகு இன்ஜினை அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் மிதப்பார்கள். அதற்கு ஒரு நிறுத்தம் என்று பெயர். நிறுத்தத்தில் கண்ணால் கண்டது மட்டும்தான் கணக்கு. தண்ணீருக்கு மேலே திமிங்கலம் விடும் மூச்சு வெள்ளைப் புகை மாதிரி எழும்பும். படகில் அதற்குப் பெயரே மூச்சுதான். 'இன்னைக்கு எத்தனை மூச்சு?' என்பதுதான் மாலை நலம் விசாரிப்பு.

இருவரும் ஒரே கடலைத்தான் பார்க்கிறார்கள், ஆனால் தனித்தனியாக. நடுவில் தலை உயரத்துக்கு ஒரு பிளைவுட் பலகை. ஒருவர் பார்த்ததை இன்னொருவர் அறியக் கூடாது. இருவருடைய தாள்களையும் அலுவலகம் பக்கத்தில் பக்கத்தில் வைக்கும். இவர் விட்டதை அவர் பிடித்திருப்பார், அவர் விட்டதை இவர் பிடித்திருப்பார். அந்த வித்தியாசத்திலிருந்து, இருவருமே தவறவிட்டது எத்தனை என்று கணக்குப் போடுவார்கள். தாள்கள் அச்சு அசலாக ஒன்று போலிருந்தால்? எதுவுமே தவறவில்லை, இருப்பதே அவ்வளவுதான் என்று கணக்கு நம்பிவிடும்.

அதனால் நிறுத்தத்தில் யாரும் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் இரண்டு தாளும் செல்லாது. பின்னால் இன்ஜின் பக்கத்தில் உட்காரும் படகுக்காரர் புதிதாக வருகிறவர்களிடம் இதை ஒரே வரியில் சொல்லிவிடுவார்: "மூச்சைப் பார்த்தா மூச்சு விடக் கூடாது."

அவர் இதைச் சிரிப்பாகத்தான் சொல்வார். என் அண்ணி வேதவாக்காக எடுத்துக்கொண்டுவிட்டாள்.

3

பாத்திரம்: அண்ணி.

(இவளை நான் நம்புகிறேனா? என் நாவல்களில் கணவனுக்காகப் பொய் சொல்லும் மனைவிகளுக்கு நான் எப்போதும் மதிப்பெண் போட்டிருக்கிறேன். வாசகிகளும் போட்டிருக்கிறார்கள். இந்த முறை பேனா கொஞ்சம் தயங்குகிறது.)

கொட்டகைக்குப் பின்னால் அவள் சொன்னது:

"உங்க அண்ணனுக்குக் கண்ணு சரியில்லை. அவர் சொல்லலை. எனக்குத் தெரியும்."

"எப்படி?"

"மூணு வருசம் முன்னாடி பென்சிலை விட்டுட்டு அந்த டிக் டிக் மெஷினை வாங்கினார் பாரு, அப்பவே."

பேருந்து நிலைய வாசலில் ஆட்களை எண்ண வைத்திருப்பார்களே, உள்ளங்கைக்குள் அடங்கும் கருவி, அது. தாளைப் பார்க்கக் குனிந்தால் கடல் நழுவிப் போய்விடும், அதனால் வாங்கினேன் என்று அண்ணன் சொல்லியிருந்தான். தாளில் இருந்த கட்டங்கள்தான் அவனுக்கு நழுவிப் போயிருந்தன.

"அவர் டிக்குனு அழுத்தினா பலகைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். கேட்டா நான் ஒரு கோடு போடுவேன். கேக்கலைன்னா போட மாட்டேன்."

"நீங்க பார்த்திருந்தாலுமா?"

"பார்த்திருந்தாலும். என் தாள்ல இருபது, அவர் தாள்ல ரெண்டுன்னு போனா அலுவலகத்துல என்ன கேப்பாங்க? 'நீங்க இனிமே படகுல வர வேணாம்'னு நான் என் கையால எழுதிக் குடுக்கணுமா?"

குழாயை மடக்கிப் பிடித்தேன். தண்ணீர் நின்றது.

"முன்னெல்லாம் பார்த்ததும் என்னை அறியாம 'ஹ'ன்னு மூச்சு இழுப்பேன். அது அவருக்குக் கேட்டா, தான் விட்டதை நான் பார்த்துட்டேன்னு மனசு சங்கடப்படும்ல? அதனால இப்ப மூச்சையே அடக்கிக்கிறேன். யோகா வகுப்புக்குப் போகாமலே வந்துடுச்சு."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. அந்த வாரம்தான் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்திருந்தது. முதல் பத்தி பாராட்டு: இத்தனை ஒத்துப்போகும் இரண்டு தாள்களை எந்தக் கோட்டிலும் கண்டதில்லையாம். இரண்டாவது பத்தி: மூன்று பருவங்களில் நாற்பத்தொன்று, இருபத்தாறு, ஒன்பது என்று எண்ணிக்கை விழுந்திருக்கிறது. ஏழாம் கோட்டைக் கடக்கும் சரக்குக் கப்பல்கள் பாதி வேகத்தில்தான் போக வேண்டும் என்று ஒரு விதி உண்டு, திமிங்கலங்கள் மேல் மோதாமல் இருக்க. இந்தப் பருவத்தின் கடைசி எண்ணிக்கையும் குறைவாக வந்தால் அந்த விதி நீங்கிவிடும்.

"அண்ணி, உண்மையில எத்தனை பார்த்தீங்க?"

அவள் ஜாக்கெட்டை உதறிக் கொடியில் போட்டாள். "எழுதாததை யாரு எண்ணினா?"

(எண்ணியிருக்கிறாள் என்று நினைக்கிறேன். முகம் அப்படித்தான் இருந்தது. அவள் சொல்லாததை எண்ணாகப் போட எனக்கு உரிமை இல்லை.)

4

பாத்திரம்: அண்ணன்.

(தலைமுடி கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்திருந்தேன். எடுத்துவிட்டேன்.)

நான்கு நாள் கழித்து, வீட்டில் வேறு காரணம் சொல்லி, கண் மருத்துவரிடம் துணைக்கு வா என்று என்னைக் கூப்பிட்டான். காத்திருக்கும் அறையில் நீல நாற்காலிகள், சுவரில் வரிசை வரிசையாகச் சிறுத்துக்கொண்டு போகும் எழுத்துகள். மருத்துவர் சொன்னதை ஒரு வரியில் சொல்கிறேன்: பார்வையின் ஓரங்கள் மிச்சம், நடுப்பகுதி மங்கல், திரும்ப வராது. நடக்கலாம், படியேறலாம். தூரத்தில் ஒரு வெள்ளைப் புகையைப் பிடிக்க முடியாது.

மருத்துவர் அறையிலிருந்து வெளியே வந்து அந்த நீல நாற்காலிகளில் உட்கார்ந்தோம்.

"ரேடியோ, அண்ணிகிட்ட மூச்சு விடாதே."

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் அது தொற்று வியாதி ஆகிவிட்டது.

"அப்ப மூணு வருசமா எதைண்ணா எண்ணினே?"

"அவளைத்தான்."

"புரியலை."

"பார்த்ததும் ஒரு மூச்சு இழுப்பா. சின்னதா. பலகைக்கு இந்தப் பக்கம் எனக்குக் கேக்கும். கேட்டதும் டிக்."

"அது ஏமாத்து இல்லையா?"

"கண்ணால பார்த்ததை எழுதணும்னுதானே விதி? யார் கண்ணுன்னு போடலையே."

பிறகு நெற்றியைத் தேய்த்தான். "ஆனா இப்பல்லாம் அவ மூச்சு இழுக்கிறதே இல்லை. பத்து நிமிசமும் கல்லு மாதிரி உக்காந்திருக்கா. திமிங்கலமெல்லாம் நிஜமாவே போயிடுச்சு போல."

* இந்த இடத்தில் கதை எழுதுகிறவள் எழுந்துபோய் முகம் கழுவிவிட்டு வந்தாள். கணக்கைத் திரும்ப ஒரு முறை பார்த்துக்கொள்வோம். அவன் எண்ணியது அவளுடைய மூச்சை. அவள் எண்ணியது அவனுடைய டிக்கை. அவன் மனம் நோகக் கூடாது என்று அவள் மூச்சை அடக்க அடக்க, அவனுக்கு அழுத்த எதுவும் இல்லாமல் போனது. அவன் அழுத்தாததால் அவளுக்கு எழுத எதுவும் இல்லாமல் போனது. நடுவில் திமிங்கலங்கள் பாட்டுக்கு வந்து போய்க்கொண்டிருந்தன.

"அண்ணிகிட்ட நேராச் சொல்லிடேன்."

"சொன்னா என்னை இறக்கி விட்டுடுவாங்க. அது போகட்டும். பலகைக்கு இந்தப் பக்கம் வேற எவனாவது வந்து உக்காருவான்." கொஞ்ச நேரம் எழுத்துப் பலகை இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி வைத்திருந்தான். "பதினாலு வருசமா ஒரே கடலைப் பார்த்திருக்கோம். ஒரு தடவை கூட நான் அவகிட்ட…"

"அவங்ககிட்ட?"

"ஒண்ணும் இல்லை. விடு. வீட்டுல கேட்டா செருப்பு வாங்கப் போனோம்னு சொல்லு."

"எங்கே செருப்பு?"

"அளவு இல்லைன்னு சொல்லு. கதை எழுதறவதானே நீ."

5

முடிவுகள். இங்கே எனக்குப் பழக்கம் அதிகம், அதனால் பயமும் அதிகம்.

(அ) ரேடியோ இருவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துப் போட்டு உடைக்கிறாள். அழுகை, சிரிப்பு, மூவருக்கும் தேநீர். என் வாசகிகள் விரும்புவார்கள். ஆனால் பதினான்கு வருடங்களாக ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டு வாழ்ந்த இரண்டு பேருக்கு நடுவில் நான் ஏன் ஒரு மேசையைப் போட வேண்டும்?

(ஆ) அண்ணன் தானாகவே விலகிக் கடிதம் எழுத, அண்ணி அதைக் கண்டெடுத்து

(கடிதம் வேண்டாம். அவனால் கட்டம் பார்த்து எழுத முடியாது என்பது எழுதும்போதே மறந்துவிட்டது. என் பாத்திரத்தின் கண் எனக்கே நினைவில்லை என்றால், மற்றவர்களைக் குற்றம் சொல்ல என்ன இருக்கிறது.)

(இ) விதி நீங்குகிறது, கப்பல்கள் முழு வேகத்தில் வருகின்றன, ஒரு நாள் காலையில் கரையில்

(இதை எழுத மாட்டேன். நடக்காது என்பதற்காக அல்ல. நடக்கும் என்பதற்காக.)

ஒன்று தெரிந்தது. இதை அவர்களில் ஒருவர்தான் திறக்க வேண்டும், அதுவும் கடைசி எண்ணிக்கைக்குள். படகில் நிறுத்தங்களுக்கு நேரம் குறிக்க வழக்கமாகப் போகிறவர் அன்றைக்கு விடுப்பில் இருந்தார். நான் வருகிறேன் என்றேன். அண்ணி என்னைப் பார்த்தாள். அண்ணன் என் குரல் வந்த பக்கம் பார்த்தான். இருவருடைய முகத்திலும் ஒரே வேண்டுதல்: மூச்சு விடாதே.

6

நடந்தது.

காலை. காற்று இல்லை. ஏழாம் கோட்டில் ஐந்து நிறுத்தங்கள் முடிந்திருந்தன, இரண்டு தாளும் வெறுமை. மிச்சம் ஒன்று. படகுக்காரர் இன்ஜினை அணைத்தார். நான் பலகையின் பின் விளிம்பை ஒட்டி உட்கார்ந்திருந்ததால் இரண்டு பக்கமும் தெரிந்தது. இடப் பக்கம் அண்ணனின் உள்ளங்கை, அதில் கருவி. வலப் பக்கம் அண்ணியின் பென்சில்.

நான்காவது நிமிடம், படகிலிருந்து முப்பது அடிகூட இருக்காது, தண்ணீர் கறுத்து உப்பியது. பிரஷர் குக்கரை அவசரமாகத் திறந்தது போல ஒரு சத்தம். வெள்ளையாக எழும்பியது அப்படியே எங்கள் மேல் இறங்கியது. வெதுவெதுப்பான, கெட்டுப்போன மீன் நாற்றம் அடிக்கும் தூறல். தாள் நனைந்தது. அண்ணனின் முகத்தில் துளிகள் நின்றன.

டிக் சத்தம் இல்லை.

அண்ணன் தலையைப் பலகைப் பக்கம் சாய்த்திருந்தான். காத்திருந்தான். திமிங்கலத்துக்காக அல்ல, அதுதான் வந்துவிட்டதே. அண்ணியின் கழுத்து நரம்பு புடைத்திருந்தது, உதடுகள் மூடியிருந்தன, பென்சில் தாளைத் தொடவில்லை. கண்ணிலிருந்து வழிந்ததைத் தூறலின் கணக்கில் சேர்க்க முடியாது.

பக்கத்திலேயே இரண்டாவது ஒன்று எழுந்தது. சிறியது. குட்டி.

டிக் இல்லை. கோடு இல்லை. மூன்று பேரும் திமிங்கல மூச்சில் நனைந்து உட்கார்ந்திருந்தோம், இரண்டு தாளிலும் பூஜ்யம். பின்னால் படகுக்காரர் தொண்டையைச் செருமி, செருமல் பேச்சில் சேராது என்று காட்டக் கையை விரித்தார்.

அண்ணனின் முகம் மெல்ல மாறியதைப் பார்த்தேன். திமிங்கலம் இங்கே இருக்கிறது. அவளுக்குக் கண் இருக்கிறது. மூச்சுச் சத்தம் மட்டும் இல்லை. அவன் கணக்கில் கெட்டிக்காரன்.

கருவியைச் சட்டைப் பையில் போட்டான்.

வாசகரே, இனி உங்களிடம். நேரம் குறிக்கும் என் தாளின் கடைசிக் கட்டத்தின் தலைப்பு 'குறிப்பு'. அதில் நான் 'பேச்சு. செல்லாது' என்று எழுதினேன். அலுவலகத்துக்கு அதற்கு மேல் என்ன எழுதிப் போனது, விதி நின்றதா, அடுத்த பருவம் பலகைக்கு அந்தப் பக்கம் யார் உட்கார்ந்தார்கள், எல்லாம் உங்கள் கையில். அண்ணி சொன்ன பதிலும் அப்படியே. அது எனக்குக் கேட்டது. ரேடியோ முதல் முறையாக மூச்சு விடப் போவதில்லை. இந்தக் கதை அச்சில் வந்தால் அண்ணனுக்கு யாராவது படித்துக்காட்டத்தான் வேண்டும். யார் குரலில் என்று நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்.

நான் எழுத வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அவன் விரல் முட்டியால் பலகையில் இரண்டு முறை தட்டினான். நிறுத்தம் முடிய இன்னும் ஐந்து நிமிடம் இருந்தது.

"மூச்சை அடக்காதேம்மா," என்றான். "எனக்குத் தெரியலை. நீ என்ன பார்க்கிறேன்னு எனக்குச் சொல்லேன்."