சார்ஜர் மேல் ஈரச் சாக்கு

என் பெயர் ஷெர்வின். வயது இருபத்து நான்கு. சாம்பியன் ரீப்ஸில் நம் லைன் வீடுகளில் கடைசி வீட்டு டக்ளஸின் மகன். இப்போது புனேயில் ஒரு கிடங்கு வாசலில் நின்று பேசுகிறேன். பேசுவதை போன் எழுதி நம் லைன் குரூப்பில் போடுகிறது, பிழையிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பாவுக்கு நான் வாங்கிக் கொடுத்த கரண்ட் ஸ்கூட்டரின் சார்ஜர் கொதிக்கிறது. காலையில் வீடியோவில் பார்த்தேன். பிளக்கைச் சுற்றிச் சுவர் பழுப்பேறியிருந்தது. சார்ஜர் மேல் ஈரச் சாக்கு. ஓரடி தள்ளிக் கட்டிலில் அம்மா, மாவுக்கட்டுப் போட்ட காலோடு. நான் கத்தினேன். அப்பா சாக்கைத் தூக்கி, சார்ஜர் மேல் உள்ளங்கையை வைத்துக் காட்டினார்.

"இதுவாடா சூடு? மைன்ல நூறாவது லெவல்ல பாறையத் தொட்டிருக்கியா நீ? தண்ணி அடிச்சா அடங்கிடும், போடா."

அந்தக் கையை எனக்குத் தெரியும். சின்ன வயதில் காய்ச்சல் வந்தால் அப்பா நெற்றியைத் தொட்டுப் பார்த்து, ஒன்றுமில்லை, ஸ்கூலுக்குப் போ என்பார். அம்மா என்னைத் திரும்பப் படுக்க வைப்பாள். "உங்க கை கீழயே வெந்துபோச்சு. அதுக்கு இன்னா தெரியும்?" தங்க மைன் மூடிய வருஷம் பிறந்தவன் நான். அந்த மைன் சூட்டில் எனக்குக் கிடைத்தது அந்தக் கை மட்டும்தான்.

காலை வீடியோவுக்குப் பிறகு அப்பா போனை எடுக்கவே இல்லை. தங்கை லவினா பெங்களூர் ரயிலில் இருக்கிறாள், அவளுக்கும் போன் போகவில்லை.

அப்பா பயந்து நான் பார்த்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். கிறிஸ்துமஸ் காலையில், திரி எரிந்தும் வெடிக்காத வெடியை எடுக்க நாங்கள் ஓடினால், இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நடுத்தெருவில் நிற்பார். "மிஸ்ஃபயர். எவனும் கிட்ட போவாதீங்கடா." பாறைத் துளையில் வைத்த வெடிமருந்து வெடிக்காமல் போனால் மைனுக்குள் சொல்லும் வார்த்தை அது. கேக் தட்டோடு வந்தவர்கள்கூட அப்படியே நிற்பார்கள். லைன் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற அந்தக் காலைகளை இங்கே எத்தனையோ முறை நினைத்துச் சிரித்திருக்கிறேன்.

இந்தக் குரூப்பில் இதைப் படிக்கிறவர் யாராக இருந்தாலும் உடனே எங்கள் வீட்டுக்குப் போங்கள். அப்பாவிடம் சூடு என்று சொல்லாதீர்கள், சிரிப்பார். வாசலில் நின்று மிஸ்ஃபயர் என்று சொல்லுங்கள். அவர் நின்றுவிடுவார். மீட்டர் பக்கத்தில் இருக்கும் மெயினை அணையுங்கள். சாக்கைத் தொட வேண்டாம். அம்மாவைக் கட்டிலோடு தூக்கி வெளியே வேப்பமர நிழலில் வையுங்கள்.